எஜமானர் குத்திய முத்திரை அல்ல

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடும்பப் பெயர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே ஒரு தீர்ப்பு தயாராக வந்து நிற்கும்: அவை அடிமைப் பெயர்கள். எஜமானரின் பெயர் அடிமையோடு ஒட்டிக்கொண்டது, விடுதலைக்குப் பிறகும் உதிரவில்லை, கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்றும் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள் என்பது கதை. மால்கம் லிட்டில் ஏன் மால்கம் எக்ஸ் ஆனார், கேசியஸ் கிளே 1964இல் ஏன் முகமது அலி ஆனார் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கதையும் தெரியும். ஐயத்துக்கே இடமில்லாத வரலாறாக இது எங்கும் சொல்லப்படுகிறது.

இந்த வழக்கில் அடிக்கடி சாட்சிக் கூண்டில் ஏற்றப்படும் பெயர் வாஷிங்டன். 2000ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தக் குடும்பப் பெயரோடு இருந்தவர்கள் 1,63,036 பேர். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கறுப்பர். பரவலாக வழங்கும் வேறெந்தக் குடும்பப் பெயரிலும் இந்த அளவு விகிதம் இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தவர். வாஷிங்டன்கள் இன்று பெரும்பாலும் கறுப்பர்கள். அப்புறம் என்ன, இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். கூட்டித்தான் பார்ப்போமே.

முதலில் அந்த 90 சதவீதம். வாஷிங்டன்களில் எத்தனை பேர் கறுப்பர் என்பதைத்தான் அது சொல்கிறது. கறுப்பர்களில் எத்தனை பேர் வாஷிங்டன் என்பது வேறு கேள்வி. அதே கணக்கெடுப்பில் ஸ்மித் என்ற பெயருடையவர்கள் 23 லட்சத்து 76 ஆயிரம் பேர். அவர்களில் கறுப்பர் சுமார் 22 சதவீதம், அதாவது ஐந்து லட்சத்துக்கும் மேல். கறுப்பின வாஷிங்டன்களோ ஒன்றரை லட்சத்தைக்கூட எட்டவில்லை. கறுப்பர்களிடையே ஸ்மித்கள் மூன்று மடங்குக்கும் அதிகமாக இருக்க, வாஷிங்டன் மட்டும் 'கறுப்பர் பெயர்' என்று கண்ணில் படுவது ஏன்? வெள்ளையர்களில் அந்தப் பெயர் அபூர்வம் என்பதால்.

அபூர்வமானதற்குக் காரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. ஸ்மித் என்றால் கொல்லர். கொல்லர் ஊருக்கு ஊர் இருந்தார், ஸ்மித்கள் பெருகினார்கள். வாஷிங்டன் என்பது வடக்கு இங்கிலாந்தில் டர்ஹம் பக்கத்தில் ஓர் ஊரின் பெயர். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹெர்ட்பர்ன் என்ற ஊருக்குரிய வில்லியம் என்பவர் தன் நிலத்தைக் கொடுத்துவிட்டு, மாற்றாக இந்த ஊரைப் பெற்றார். ஊர் மாறியதும் பெயரையும் மாற்றிக்கொண்டார். அவருடைய வழிவந்தவர்களில் ஒருவரான லாரன்ஸ் வாஷிங்டன் கம்பளி வியாபாரத்தில் பணம் சேர்த்து, நார்தாம்ப்டன் நகரின் மேயராகி, மடங்கள் கலைக்கப்பட்ட காலத்தில், 1539இல், சல்கிரேவ் நிலத்தை அரசிடமிருந்து வாங்கினார். அந்த வழியில் வந்த ஜான் வாஷிங்டன் 1650களின் பிற்பாதியில் வர்ஜீனியாவில் கரையேறினார். அவருடைய கொள்ளுப் பேரன் ஜார்ஜ். அந்த ஜார்ஜுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. ஓர் ஊர், ஒரு குலம், அமெரிக்காவுக்கு வந்த கிளையோ மிக மெலிது. வெள்ளைக்கார வாஷிங்டன்கள் அங்கே சிறுபான்மையானதில் வியப்பில்லை.

அடுத்து, எஜமானர் வழியாகவே இந்தப் பெயர் பரவியது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஜார்ஜ் வாஷிங்டன் இறந்த 1799இல் மவுண்ட் வெர்னன் பண்ணையில் இருந்த அடிமைகள் சுமார் 317 பேர். அவர்களில் அவருக்கே உரியவர்கள் பாதிக்கும் குறைவு, 120 சொச்சம் பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் அவர் மனைவி மார்த்தாவின் முதல் கணவரான கஸ்டிஸின் சொத்துவழி வந்தவர்கள். 1800இல் அமெரிக்காவின் கறுப்பின மக்கள் சுமார் 10 லட்சம். 2000இல் சுமார் மூன்றரைக் கோடி. இருநூறு ஆண்டில் 35 மடங்கு. மவுண்ட் வெர்னனில் இருந்த 317 பேருமே வாஷிங்டன் என்ற பெயரை எடுத்து, அதே வேகத்தில் பெருகியிருந்தாலும் இன்று 11 ஆயிரம் பேர்தான் வரவேண்டும். இன்றைய எண்ணிக்கைக்கு 1800இலேயே 4,000க்கும் மேற்பட்ட கறுப்பின வாஷிங்டன்கள் இருந்திருக்க வேண்டும். ஜார்ஜின் தம்பிகளும் அண்ணன் தம்பி பிள்ளைகளும் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பது உண்மை. மவுண்ட் வெர்னனை வாரிசாகப் பெற்ற புஷ்ராட் வாஷிங்டன் 1821இல் 54 பேரை லூயிசியானாவுக்கு விற்றார். அவர்களையெல்லாம் சேர்த்தாலும் நூறுகளில் இருக்கிற எண்ணிக்கை ஆயிரங்களை எட்டுவது கடினம். இது தோராயக் கணக்குதான். ஆனால் தோராயத்திலேயே இவ்வளவு உதைக்கிற கதையை நிச்சயமான வரலாறு என்று எப்படி ஏற்பது?

எண்கள் வேண்டாம், ஆட்களைப் பார்ப்போம் என்பவர்கள் நேரே மவுண்ட் வெர்னனுக்கே வரலாம். எஜமானர் பெயர் ஒட்டிக்கொள்வதுதான் விதி என்றால் அது வேறெங்கும்விட இங்கேதான் அப்பட்டமாகத் தெரிய வேண்டும். தெரிவதோ நேர்மாறு. சுதந்திரப் போர் முழுக்க ஜார்ஜின் கூடவே குதிரையில் சென்ற பணியாளர் வில்லியம் லீ. லீ என்ற இன்னொரு குடும்பத்திடமிருந்து 1768இல் தம்பி ஃபிராங்கோடு வாங்கப்பட்டவர். வந்தது வாஷிங்டன் வீட்டுக்கு; பெயர் கடைசிவரை லீதான். ஜார்ஜ் தன் உயிலில் இவரை மட்டும் உடனடியாக விடுவித்து, ஆண்டுக்கு 30 டாலர் உதவித்தொகையும் எழுதிவைத்தார். அந்த வரியில் அவர் கையாண்டிருக்கும் சொற்களைக் கவனிக்க வேண்டும். வில்லியம் என்று எழுதிவிட்டு, தன்னை வில்லியம் லீ என்று சொல்லிக்கொள்பவர் என்று சேர்த்திருக்கிறார். எஜமானரே தன் கையால் ஒப்புக்கொள்கிறார்: குடும்பப் பெயர் நான் வைத்ததில்லை, அவராக வைத்துக்கொண்டிருப்பது.

சமையல்காரர் ஹெர்குலிஸ் 1797 பிப்ரவரி 22 அன்று, எஜமானரின் பிறந்த நாளிலேயே, தப்பி ஓடினார். 1812இல் நியூயார்க்கில் இறந்தபோது அவர் பெயர் ஹெர்குலிஸ் போசி. போசி என்பது முந்தைய எஜமானரான பக்கத்துப் பண்ணைக்காரரின் பெயர். மார்த்தாவின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ் 1796இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயரில் வாழ்ந்து 1848இல் இறந்தார். ஜட்ஜ் அவருடைய தந்தையின் பெயர். இங்கிலாந்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த தையல்காரர் அவர். லீ, போசி, ஜட்ஜ். ஜனாதிபதியின் வீட்டுக்குள்ளேயே மிகவும் பேர்போன மூவர். மூவரில் ஒருவர்கூட வாஷிங்டன் இல்லை.

அப்படியானால் இந்தத் தவறான எண்ணம் எங்கிருந்து வந்தது? எஜமானர்களின் கணக்குப் புத்தகத்திலிருந்து. அதில் அடிமைக்கு ஒற்றைப் பெயர்தான் உண்டு: டிக், சூசன், ஹாரி. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் பொதுவாக அந்தப் பெயர்கூடக் கிடையாது. எஜமானரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம், அவ்வளவுதான். 1870 கணக்கெடுப்பில்தான் அவர்கள் அனைவரும் முதல் முறையாக முழுப் பெயரோடு தோன்றுகிறார்கள். ஏட்டில் இல்லாதது வாழ்க்கையிலும் இருந்திருக்காது என்று எடுத்துக்கொண்டவர்கள், குடும்பப் பெயர் விடுதலையன்று திடீரென முளைத்தது என்றும், அதனால் கைக்குக் கிடைத்த எஜமானர் பெயரையே போட்டுக்கொண்டார்கள் என்றும் முடிவுகட்டினார்கள். அடிமையின் பெயரை அடிமையிடம் கேட்காமல், அவரை விற்கவும் வாங்கவும் செய்தவரின் பேரேட்டில் தேடினால் இப்படித்தான் முடியும்.

வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன் 1976இல் வெளியிட்ட நூலில் இந்த எண்ணத்தை உலுக்கினார். அடிமைகளிடையே குடும்பப் பெயர்கள் புழங்கின. எஜமானர் காதுக்கு எட்டாமலே புழங்கின. பெரும்பாலும் அவை கடைசி எஜமானரின் பெயராக இல்லை என்று காட்டினார். மூன்று கை மாறி விற்கப்பட்ட குடும்பம் முதல் கையின் பெயரையே பிடித்துக்கொண்டிருந்தது. அந்த முதல் எஜமானர் மீது பாசமா? இல்லை. அந்தப் பண்ணையில்தான் தாத்தாவும் பாட்டியும் ஒன்றாக இருந்தார்கள். பிரித்து விற்கப்பட்ட உடன்பிறப்புகள் மீண்டும் ஒருவரையொருவர் அடையாளம் காண அவர்களிடம் இருந்தது அந்த ஒரே பெயர்தான்.

விடுதலை பெற்றவர்களுக்காக 1865இல் தொடங்கி 1874இல் நொடித்துப்போன ஃபிரீட்மன்ஸ் வங்கியின் பதிவேடுகளை யாரும் புரட்டிப் பார்க்கலாம். தொடக்க காலப் படிவத்தில் கணக்குத் தொடங்குபவரின் பெயர் ஓரிடத்தில். முன்னாள் எஜமானர், எஜமானியின் பெயர்களுக்கும் பண்ணையின் பெயருக்கும் தனித்தனி இடம். அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் பெயர்களுக்கு இன்னும் சில வரிகள். ஒரு மனிதரின் பெயரும் அவருடைய எஜமானரின் பெயரும் ஒன்றேயானால் இரண்டையும் வெவ்வேறாகக் கேட்டு எழுதவேண்டிய தேவை என்ன?

கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் தன்வரலாற்றில் சொல்வதைவிட நேரடியான சாட்சியம் கிடைப்பது அரிது. 1856இல் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் பரோஸ் என்பவரின் பண்ணையில் பிறந்தவர். 1861இல் அந்தப் பண்ணையின் சொத்துப் பட்டியலில் அவருக்கு ஒரு வரி இருக்கிறது: புக்கர், கறுப்பினச் சிறுவன், மதிப்பு 400 டாலர். விடுதலைக்குப் பிறகு குடும்பம் மேற்கு வர்ஜீனியாவின் மால்டனுக்குப் போனது. மாற்றாந்தந்தைக்கு உப்பு ஆலையில் வேலை. உப்புப் பீப்பாய்களில் அவருக்கென ஒதுக்கிய 18 என்ற எண்தான் சிறுவன் முதன்முதலில் வாசிக்கக் கற்றது. பிறகு பள்ளி. வருகைப் பதிவின்போது ஒவ்வொரு பையனும் இரண்டு பெயர் சொல்கிறான். சிலர் மூன்றுகூடச் சொல்கிறார்கள். இவனுக்கு இருப்பதோ ஒன்று. ஆசிரியர் தன்னிடம் வருவதற்குள் ஒரு யோசனை பளிச்சிட, வாழ்நாள் முழுதும் அப்படியே அழைக்கப்பட்டவன் போல நிதானமாகச் சொல்கிறான்: புக்கர் வாஷிங்டன்.

எஜமானர் பெயர் ஒட்டியிருந்தால் அவர் புக்கர் பரோஸ் ஆகியிருக்க வேண்டும். சரி, வாஷிங்டன் எங்கிருந்து வந்தது? ஜனாதிபதியிடமிருந்தே வந்திருக்க வேண்டியதில்லை. மாற்றாந்தந்தையின் பெயரே வாஷிங்டன் ஃபெர்கஸன்தான். அப்பாவின் பெயரை மகன் பின்னால் போட்டுக்கொள்வது நமக்குப் புரியாத விஷயமா? அதே நூலில் அவர் இன்னொன்றையும் பதிவுசெய்திருக்கிறார். விடுதலை கிடைத்ததும் அந்த மக்கள் ஏறக்குறைய எல்லோரும் இரண்டு காரியங்களில் ஒரே மனதாக இருந்தார்களாம்: பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும், சில நாட்களாவது பண்ணையை விட்டு வெளியே போய்ப் பார்க்க வேண்டும். பழைய எஜமானரின் குடும்பப் பெயரைத் தாங்குவது தகாது என்று அவர்கள் கருதினார்கள். முன்பு ஹாட்சரின் ஜான் என்று அழைக்கப்பட்டவர் இப்போது ஜான் எஸ். லிங்கன் ஆனார், ஜான் எஸ். ஷெர்மன் ஆனார். நடுவில் நிற்கும் எஸ் எந்தப் பெயரின் சுருக்கமும் இல்லை. தன் பெயருக்கு ஒரு கெத்து வேண்டும் என்று அவரே சேர்த்துக்கொண்ட எழுத்து. அந்தக் காலத்தை நேரில் வாழ்ந்தவர் எழுதியது இது. இதைப் படித்த பின்னும் எஜமானர் பெயர்தான் ஒட்டிக்கொண்டது என்பவர், சாட்சியைத் தள்ளிவிட்டு வதந்தியைப் பிடித்துக்கொள்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எஜமானரின் பெயரையே தாங்கியவர்கள் ஏராளம். பட்டாளத்தில் சேர்த்த எழுத்தர் கேட்காமலே அதை எழுதிவிட்டதும் நடந்திருக்கும். விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் மிசௌரியில் மோசஸ் கார்வரின் பண்ணையில் பிறந்தவர். கார்வர் எஜமானர் பெயர்தான். ஆனால் அதே மனிதரின் நடுப்பெயர் பின்னாளில் அவராகச் சேர்த்துக்கொண்டது.

இன்னும் வலுவான எதிர்ச்சான்று ஹாரி வாஷிங்டன். காம்பியா பகுதியில் பிறந்து, 1763இல் ஜார்ஜ் வாஷிங்டனால் வாங்கப்பட்டவர். எஜமானர் விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்த 1776இல், அடிமைகளுக்கு விடுதலை தருவதாக அறிவித்திருந்த ஆங்கிலேயர் பக்கம் ஓடிப்போனார். 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறியவர்களின் ஏட்டில் அவர் பெயர் ஹாரி வாஷிங்டன். ஜெனரல் வாஷிங்டனின் முன்னாள் உடைமை, ஏழாண்டு முன்பு விட்டுப் போனவர் என்றும் குறிப்பு இருக்கிறது. அங்கிருந்து நோவா ஸ்கோஷியா. 1792இல் சியரா லியோன். அங்கே குடியேற்றத்தை நடத்திய ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்கள் நிலவரி கேட்டபோது 1800இல் கிளர்ச்சியில் இறங்கி, நாடு கடத்தப்பட்டார். ஆக, இவருக்கு இருந்தது எஜமானர் பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வாஷிங்டனிடமிருந்து தப்பி, ஆங்கிலேயரின் வரியை எதிர்த்து எழுந்த இந்த இன்னொரு வாஷிங்டனின் வாழ்க்கையில் அடிமைத்தனத்தின் முத்திரை எங்கே இருக்கிறது?

லிங்கன் பெயரை எடுத்து வாதிடுபவர்களும் உண்டு. மனதார மதித்துச் சூட்டிக்கொண்டது உண்மையானால் விடுதலை அளித்த லிங்கனின் பெயரல்லவா நாடெங்கும் நிறைந்திருக்க வேண்டும்? இன்று லிங்கன்களில் கறுப்பர் விகிதம் மொத்த மக்கள்தொகையில் அவர்களுடைய விகிதத்தை ஒட்டித்தானே இருக்கிறது? கேள்வி நல்லது, விடை அவர்களுக்கு எதிராகத் திரும்புகிறது. லிங்கன் வருவதற்கு முன்பே பெரும்பாலோரிடம் குடும்பப் பெயர் இருந்திருக்கிறது. 1841 நவம்பரில் வர்ஜீனியாவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்கு அடிமைகளை ஏற்றிச்சென்ற கிரியோல் கப்பலில் கலகம் செய்து, கப்பலையே பஹாமாஸின் நாசாவ் நகருக்குத் திருப்பி, நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு விடுதலை தேடித்தந்தவரின் பெயர் மாடிசன் வாஷிங்டன். இது லிங்கனின் பிரகடனத்துக்கு இருபது ஆண்டுக்கும் முந்தைய கதை. பெயர் ஏற்கெனவே இருந்தவர்கள் புதிதாக எதற்கு ஒன்றைத் தேட வேண்டும்?

"சரி, தாங்களே தேர்ந்தெடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடிமை வைத்திருந்தவனின் பெயரைப் போய் யாராவது விரும்பி எடுப்பார்களா? அது மன அடிமைத்தனம் இல்லையா?" இது கடைசி அரண். இதில் நிற்பவர்கள் இன்றைய அறிவை அன்றைய மனிதர் தலையில் ஏற்றுகிறார்கள். நம்மூரில் பிள்ளைக்கு ஸ்டாலின் என்று பெயர் வைத்த தகப்பன் சைபீரியச் சிறைமுகாம்களை ஆதரித்தா வைத்தார்? அவர் மனதில் இருந்த ஸ்டாலின் வேறு. வர்ஜீனியாவின் கறுப்பர் காதில் விழுந்த வாஷிங்டனும் அப்படித்தான்: அரசனைத் தோற்கடித்தவர், உயிலில் தன் அடிமைகளை விடுவித்தவர். அந்த உயில்படி மனைவி இறந்த பிறகே விடுதலை. மார்த்தா காத்திராமல் 1801 ஜனவரி 1 அன்றே விடுவித்தார். கஸ்டிஸ் சொத்தாக இருந்தவர்களுக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை. எல்லாப் பெயருக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த நாடு எங்களுடையதும்தான் என்று பட்டா போட்டுக்கொள்ள அந்தக் காலத்தில் அதைவிடப் பொருத்தமான பெயர் அதிகம் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

மால்கம் எக்ஸும் அலியும் தங்கள் பெயரைக் கழற்றி எறிந்தது அவர்களுடைய முழு உரிமை. அரசியல் செயலாக அது பெரியது. அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டை, அவர்களின் முழக்கத்தை எல்லார் குடும்பத்துக்கும் பொதுவான வரலாறாக்கியவர்களோடு. அலியின் பழைய பெயரையே பாருங்கள். கேசியஸ் மார்செலஸ் கிளே என்பது கென்டக்கியில் அடிமைமுறையை எதிர்த்துப் பத்திரிகை நடத்தி, தன் அடிமைகளை விடுவித்த வெள்ளையர் ஒருவரின் பெயர். கழற்றப்பட்ட பெயரே 'அடிமைப் பெயர்' என்ற இரண்டு சொல்லில் அடங்க மறுக்கிறது.

இதையெல்லாம் தோண்டுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். இருக்கிறது. தன் மூதாதையைத் தேடும் ஒரு கறுப்பின வாஷிங்டன், எஜமானர் பெயர்தான் ஒட்டியது என்று நம்பி, வாஷிங்டன் என்ற வெள்ளைக்காரப் பண்ணைக்காரரின் ஆவணங்களை மட்டும் துழாவினால், பரோஸ் வீட்டுப் பட்டியலில் 400 டாலராகக் கிடக்கும் தன் பாட்டனைக் காணாமலே போவார். அதைவிடப் பெரிய நட்டம், அந்தப் பாட்டனிடமிருந்து நாம் பறித்துக்கொள்வது. உடல், உழைப்பு, பிள்ளைகள் எல்லாம் அடுத்தவன் கையில் இருந்தபோது அவர் தன் கையில் வைத்திருந்தது பெயர் ஒன்றைத்தான். எஜமானரின் கொடுமையைப் பெரிதாகக் காட்டுவதாக எண்ணிக்கொண்டு, அதையும் எஜமானருக்கே எழுதிவைக்கிறோம். எஜமானரே கேட்காத சொத்து அது. வில்லியம் லீ விஷயத்தில் தன்னுடையதில்லை என்று உயிலிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

1946இல் அமெரிக்கக் கால்பந்து லீகின் நிறத்தடையை உடைத்துக் களமிறங்கிய கென்னி வாஷிங்டன், 1983இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரான ஹரால்டு வாஷிங்டன், தலைநகரின் மேயராக இருந்த வால்டர் வாஷிங்டன், ரூத் ஜோன்ஸ் என்று பிறந்து மேடைக்காக டைனா வாஷிங்டன் ஆன பாடகி, நடிகர் டென்ஸல் வாஷிங்டன்: இந்தப் பெயரை இன்று உலகறிய வைத்திருப்பவர்கள் இவர்கள். ஹெர்ட்பர்ன் வில்லியம் ஊர் மாறியதும் பெயர் மாற்றியதை யாரும் அடிமைத்தனம் என்பதில்லை. குலவரலாறு என்று கல்வெட்டில் பொறிக்கிறார்கள். மால்டன் பள்ளியில் எழுந்து நின்ற சிறுவன் செய்ததும் அதே காரியம்தான். ஒருவருக்கு வரலாறு, மற்றவருக்கு முத்திரை என்று பிரித்துப் பேசுவதற்கு ஆதாரம் ஏட்டிலும் இல்லை, எண்ணிலும் இல்லை. 'அடிமைப் பெயர்' என்று இனிமேல் சொல்ல விரும்புகிறவர், எந்த எஜமானர், எந்தப் பண்ணை, எந்த ஆண்டு என்று காட்டிவிட்டுச் சொல்லட்டும். காட்ட முடியாதவரை அந்தப் பெயர் அதைச் சொல்லிக்கொண்டவருக்கே சொந்தம்.